வில்லுக்கத்தி: அலகின் நீளமும் பிடியின் வரலாறும்

கடந்த ஆண்டு ஆடி மாதம், பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனது பெறாமகன் எனக்கென இரண்டு வில்லுக்கத்திகளைக் கொண்டுவந்து தந்தான். ஒன்று ஒப்பினெல். மற்றையது லாயோல். இரண்டும் பிரான்சின் இருவேறு மலைநாடுகளிற் பிறந்தவை. ஒன்றின் பிடி மரம். மற்றையதன் பிடி மாட்டுக்கொம்பு. அவற்றை மேசையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனது லாச்சிக்குள் நெடுங்காலமாகக் கிடக்கும் ஒரு பொருளையும் எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றேகால் அங்குல நீளமான, நெடுக வெடித்துப்போன, ஆணி ஏறிய துவாரங்கள் இரண்டு தெரியும் மரைக்கொம்புத் துண்டு. எனது அம்மப்பாவின் ஷெபீல்ட் வில்லுக்கத்தியின் ஒரு பக்கப் பிடி அது. கத்தி இன்று என்னிடம் இல்லை. அது போன கதையைப் பின்னர் சொல்கிறேன்.

தமிழகத்து அன்பர்களுக்காக ஒரு விளக்கம். ஈழத்துப் பேச்சுவழக்கில் ‘வில்லு’ என்றால் ஸ்பிரிங். மடித்து வைத்த அலகை விரிக்கும்போது ‘டக்’ என்ற ஓசையுடன் நிறுத்திப் பிடிப்பது பிடியின் முதுகில் உள்ள அந்த வில்லுத்தான். அதனாலேயே நாங்கள் இதனை வில்லுக்கத்தி என்கிறோம். மரை என்பது நீங்கள் கடமான் என்று அழைக்கும் விலங்கு. வன்னிக் காட்டிலும் நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும் இன்றும் உண்டு.

பேனாக்கத்தி என்ற பெயரும் எம்மிடையே வழங்குகின்றது. அது ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. ஐரோப்பாவில் இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில், வாத்தின் இறகைச் சீவி நுனியைப் பிளந்து கூராக்குவதற்கு ஒரு சிறு கத்தி எழுதுவோர் கையில் எப்போதும் இருக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலைகள் உருக்கு நுனிகளை மலிவாகச் செய்து தள்ளத் தொடங்கியதும் இறகு மறைந்தது. கத்தியின் பெயர் மட்டும் நிலைத்தது.

எம்மவர்களுக்கும் எழுதுவோர் கத்தி ஒன்று இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். பனையோலையில் எழுதிய நாட்களில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பலவகை எழுத்தாணிகள் வழங்கின. இவற்றுள் மடக்கெழுத்தாணி, பெயருக்கேற்ப, பிடிக்குள் மடித்து வைக்கத்தக்கது. ஒரு முனையில் எழுதும் ஆணி. மற்றொரு முனையில் ஓலையை வாரிச் சீர்செய்யும் சிறு கத்தி. பிடியை மரத்தாலும் மாட்டுக்கொம்பாலும் செய்தார்கள். வசதி படைத்தோர் தந்தத்தாற் செய்வித்தார்கள். கண்டி இராச்சியத்துப் பிரதானிகள் இடுப்பிற் செருகிய அலங்காரக் கத்திகளிலும் பல, ஒரே உறைக்குள் எழுத்தாணியையும் உடன் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே, ஷெபீல்ட் பேனாக்கத்தி 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வந்திறங்கியபோது, மடித்து வைக்கும் எழுதுகோற் கத்தி என்ற கருத்து எம்மவர்க்குப் புதியதாக இருந்திருக்காது. புதியதாக இருந்தது அதன் வில்லு. அதன் பிடியோ அறவே புதியதன்று. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஷெபீல்ட், வட இங்கிலாந்திலுள்ள நகரம். சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து இறங்கும் ஆறுகள் சாணைக்கல்லைச் சுழற்றின. சாணைக்கல்லுக்கேற்ற மணற்கல் அருகிலேயே கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சோஸர், தனது கதாபாத்திரம் ஒன்றின் காலுறைக்குள் ஷெபீல்ட் கத்தியைச் செருகி வைக்கிறார் என்றால், அப்போதே அவ்வூர் பேர்பெற்றிருந்தது என்றுதானே பொருள்? 1624இல் அங்குள்ள கத்தித் தொழிலாளருக்கென ஒரு சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் அரச நியமனத்தைப் பெற்ற ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனம், நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் கொண்ட தனது இலச்சினையைப் பேரரசு முழுவதும் கொண்டுசென்றது. பெயரைச் சிறிது மாற்றிப் போலிகள் செய்தோரும் ஏராளம். 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கென அந்நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து வைத்தது. அதனைச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அம்மப்பாவின் கத்தியில் நட்சத்திரமும் சிலுவையும் தேய்ந்த நிலையில் இருந்தன. அவர் மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். அங்கு வாங்கிய கத்தியை ஓய்வூதியத்துடன் ஊருக்குக் கொண்டுவந்தார். பெரிய அலகு பாக்குச் சீவவும், மாங்காய்த் தோலுரிக்கவும், சுருட்டின் நுனியைத் தறிக்கவும். சிறிய அலகை எங்கள் பென்சிலைச் சீவுவதற்கு மட்டுமே விரிப்பார். அதனால் மாங்காய் வெட்டினாரென்றால் அன்று வீட்டில் பேரிடர் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று பொருள்.

ஷெபீல்ட் கத்தியின் உருக்கு அவ்வூரில் ஆனது. பிடி அவ்வூரில் ஆனதன்று. இதுதான் நான் சொல்லவந்த விடயத்தின் மையம். 19ஆம் நூற்றாண்டு ஷெபீல்ட் வணிகரின் விலைப்பட்டியலைப் பிடிகளின் வரிசையில் வாசித்தால், பேரரசின் வரைபடத்தை வாசிப்பது போலிருக்கும். தந்தம் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து போனது. இலங்கை யானைக்குப் புகழ் அதிகமாயினும், எமது ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. அந்த ஒரு குறையே அவ்வினத்தை ஓரளவு காத்தது எனலாம். முத்துச்சிப்பிப் பிடிக்குத் தென்கடல்களின் தடித்த சிப்பியே ஏற்றது. மன்னார்க் குடாவின் சிப்பி மெல்லியது, சிறியது. மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் அது முத்தைக் கொடுத்தபின் குவியலாகக் கிடந்தது. கருங்காலி என்றால் உலகச் சந்தையிற் பேர்போனது இலங்கைக் கருங்காலிதான். எருமைக்கொம்பு இந்தியாவிலிருந்து போனது. சட்டைப்பைக் கத்திக்கு மிக விரும்பப்பட்ட மான்கொம்போ, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது.

ஏன் மரைக்கொம்பு? ஐரோப்பிய மானின் கொம்பை அறுத்தால் நடுவே பஞ்சு போன்ற பகுதி பெரிதாக இருக்கும். மரைக்கொம்பில் அது குறைவு. சுற்றுச்சுவர் தடித்தது, இறுக்கமானது. மெல்லிய பட்டியாக அறுத்து, பித்தளைத் தகட்டின்மேல் வைத்து, குறுக்கே ஆணியடித்து இறுக்கினாலும் இலகுவில் வெடிக்காது. அதன் கரடுமுரடான மேற்பட்டை, ஈரக் கையிலிருந்தும் வழுக்காது. மாட்டுக்கொம்பும் மான்கொம்பும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். மாட்டுக்கொம்பு எமது நகத்தின் இனம். உள்ளே எலும்பும் வெளியே உறையுமாக வளர்வது, உயிருள்ளவரை விழாதது, சூடாக்கினால் வளைவது. மான்கொம்பு எலும்பினம், மானின் தலையில் முளைத்து, விழுந்து, மீண்டும் முளைப்பது.

விழுந்த கொம்பைக் காட்டிற் பொறுக்கி விற்றவரை எவருக்கும் தீங்கில்லை. ஆனால், தோலுக்கும் கொம்புக்கும் விலை இருந்த ஊரில், கொம்பு தானாக விழும்வரை காத்திருப்போர் எத்தனை பேர்? போதாக்குறைக்கு வேட்டையை விளையாட்டாகக் கொண்ட துரைமார். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றதை 1854இல் வெளிவந்த தனது நூலிற் பெருமையுடன் எழுதியிருக்கின்றார். அந்நூற்றாண்டு முடிவதற்குள், வேட்டையாடிய வகுப்பினரே விலங்கு குறைந்துவிட்டதென்று கவலைகொண்டு 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது.

ஷெபீல்டில் கத்தி செய்தோரும் இந்த வணிகத்தில் கொழுத்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பெரும்பாலானோர் ‘சின்ன மேஸ்திரிகள்’ எனப்பட்ட, ஓரறைப் பட்டறைக்காரர். ஒருவர் அடிப்பார், ஒருவர் தீட்டுவார், ஒருவர் பிடி பூட்டுவார். தீட்டியோரின் நுரையீரலில் கல்தூசும் உருக்குத்தூசும் படிந்தன. ஏங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில் ஷெபீல்ட் மருத்துவர் ஒருவரை மேற்கோள் காட்டுகின்றார்: நீரின்றித் தீட்டுவோரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது, நீர்விட்டுத் தீட்டுவோர் 45ஐத் தாண்டுவது அரிது. முள்ளுக்கரண்டி தீட்டியோர் முதல் வகையினர். எமது காட்டின் கொம்பையும் அவர்களது நுரையீரலையும் ஒரே ஆணியாலேதான் பிணைத்தார்கள்.

மான்கொம்பு விலையேறியபோது பதிலி தேடினார்கள். மாட்டெலும்பை எடுத்து, மேற்பரப்பில் வரிவரியாகக் கொத்தி, பழுப்புச் சாயம் ஏற்றினால் சற்றுத் தொலைவில் மான்கொம்பு போலவே தோன்றும். தந்தத்துக்குப் பதிலாகச் செலுலோயிட் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. செலுலோயிட் பழசாகும்போது வெளிவிடும் ஆவி, பக்கத்திலுள்ள அலகைத் துருவேற்றி அரித்துவிடும். பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த கத்திகளே இவ்வாறு முதலிற் கெட்டன.

அம்மப்பாவின் கத்தியில் ஒரு பக்கக் கொம்பு வெடித்தது 1960களில். கத்தி கிணற்றுக்கட்டில் விழுந்ததாகச் சொல்வார்கள். யார் போட்டது என்பது பற்றி வீட்டில் இருவேறு வரலாறுகள் உண்டு. அவர் அதனை ஊர்த் தச்சரிடம் கொண்டுசென்றார். தச்சர் பனை வைரத்தில் ஒரு துண்டைச் சீவி, பழைய ஆணித் துவாரங்களுக்கு ஒப்பத் துளைத்து, பித்தளைக் கம்பியை ஏற்றி அடித்துக் கொடுத்தார். கருமையின் ஊடே வெண்கோடுகள் ஓடும் அந்த வைரம், கொம்பைவிட அழகாக இருந்ததென்பது எனது கருத்து. அதன்பின் அக்கத்தி ஒருபக்கம் மரைக்கொம்பும் மறுபக்கம் பனையுமாக இருந்தது. கழற்றிய வெடித்த கொம்பை ஆச்சி தனது தையற் பெட்டிக்குள் போட்டுவைத்தார். ஆச்சிக்குப் பின் அப்பெட்டி சின்னம்மாவிடம் போயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து நடந்தபோது, சின்னம்மா தூக்கிச்சென்ற சில பொருட்களில் அதுவும் ஒன்று. ஊசி நூல் எங்கும் தேவைப்படும் என்றுதான் எடுத்தாராம்.

இனி, பெறாமகன் தந்தவற்றுக்கு வருகிறேன்.

ஒப்பினெல்லின் ஊர், அல்ப்ஸ் மலையில் சவோய். 1860இல்தான் பிரான்சுடன் சேர்ந்த நாடு. அங்கே அல்பியே என்ற மலைக்கிராமத்தில் கோடரியும் கத்தரிக்கத்தியும் அடிக்கும் கொல்லர் குடும்பத்திற் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890இல், தனது 18ஆவது வயதில் இக்கத்தியைச் செய்தார். இதில் உள்ள பாகங்களை எண்ணினால் ஒரு கையின் விரல்கள் போதும். பிடி ஒரே மரத்துண்டு. இரு பக்கமும் பட்டி வைத்து ஒட்டியதன்று. அதனைக் கடைந்து, ஒரு பிளவு அறுத்து, அலகைச் செருகி, ஓர் ஆணியடித்து, கழுத்தில் ஓர் உலோக வளையம் பூட்டினால் முடிந்தது. வில்லு இல்லை! வில்லு இல்லாத வில்லுக்கத்தி என்று அம்மப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அலகை நிறுத்துவது மரத்தின் இறுக்கந்தான். விரிந்த அலகு மடிந்து விரலை வெட்டாதபடி திருகிப் பூட்டும் வளையத்தை மார்செல் ஒப்பினெல் 1955இல் சேர்த்தார்.

பிடி பெரும்பாலும் பீச் மரம். மலையடிவாரங்களில் தாராளமாகக் கிடைப்பது, கடினமானது, மலிவானது. ஆனால், ஈரத்தைக் குடித்து ஊதும். கொழும்பின் மழைக்காலத்தில் ஒருநாள் எனது ஒப்பினெல் விரிய மறுத்துவிட்டது. நகம் உடைந்ததுதான் மிச்சம். பெறாமகனைத் தொலைபேசியிற் கேட்டேன். பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னான். அலகு தானாகத் தலைகாட்டியது. ‘சவோய்க்காரர் தட்டு’ என்று அதற்கு அங்கே பெயராம். கரி உருக்கு அலகு என்பதால் மாங்காய் வெட்டியதும் கறுத்துப்போகும். எண்ணெய் பூசாவிட்டால் எமது உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். குறையாக இதனைச் சொல்லவில்லை. ஒரு மலைநாட்டுக் கமக்காரன் தன்னூர் மரத்தைக் கொண்டு தன்னூர்க் காற்றுக்குச் செய்த கத்தி அது. எவருடைய காட்டையும் அது கேட்கவில்லை.

அளவிலும் ஒப்பினெல் தனி வழி. 1897இல் ஒரே வடிவத்தை 1 முதல் 12 வரை எண்ணிட்டு விற்றார்கள். இரண்டாம் எண்ணின் அலகு 3.5 சென்ரிமீற்றர், எட்டாம் எண் 8.5, பத்தாம் எண் 10, பன்னிரண்டாம் எண் 12. முதலாம் எண் மிகச் சிறியதென்றும், பதினோராம் எண் தன் இருபக்கத்து எண்களுக்கும் மிக நெருங்கியதென்றும் 1930களில் நிறுத்தினார்கள். புகையிரதத் தொழிலாளரும் ஊர்சுற்றி வணிகரும் அதனை மலையிலிருந்து இறக்கினர். 1989இல் பிரெஞ்சு லரூஸ் அகராதி ‘ஒப்பினெல்’ என்பதைப் பொதுச் சொல்லாக ஏற்றது.

லாயோல் வேறு சாதி. தென் பிரான்சின் ஓபிராக் மேட்டுநிலம் மாடு மேய்க்கும் நாடு. அங்குள்ள லாயோல் என்ற ஊரில் 1829இல் பியேர் ஜான் கல்மெல்ஸ் என்பவர் கத்திப் பட்டறை தொடங்கினார். கண்முன்னே மேயும் மாட்டின் கொம்பே பிடியாயிற்று. கொம்பின் அடிப்பகுதி உள்ளீடற்ற கூடு. நுனி மட்டுமே திடமானது. ஆகவே, நல்ல லாயோலுக்குக் கொம்பின் நுனியையே எடுப்பார்கள். ஒரு மாட்டுக்கு இரண்டு நுனிகள்தாம். இதற்கு வில்லு உண்டு, அதன் தலையில் ஒரு தேனீயும் உண்டு. நெப்போலியன் வழங்கிய சின்னம் அது என்று கடைக்காரர் கதை சொல்வார்கள். நெப்போலியன் மாண்டு எட்டு ஆண்டுகளின் பின்னரே அப்பட்டறை திறந்தது.

என்னைக் கவர்ந்தது, அக்கத்தியில் காலப்போக்கில் சேர்ந்த உறுப்புகள். 1840 அளவில் ஒரு கூரிய ஊசி சேர்ந்தது. அளவுக்கு மீறிப் புல் மேய்ந்து வயிறு ஊதிய மாட்டின் விலாவில் குத்திக் காற்றை வெளியேற்றுவதற்கு. 1880 அளவில் வைன் போத்தலின் தக்கையைத் திருகி இழுக்கும் திருகி சேர்ந்தது. மாடு மேய்ப்பவனுக்குத் தக்கை திருகி எதற்கு? அந்நாட்களில் ஓபிராக் மக்கள் வறுமை காரணமாகப் பாரிஸுக்குப் பெயர்ந்தனர். தண்ணீர் சுமந்தனர், கரி விற்றனர், கரிக்கடையின் ஒரு மூலையில் வைனும் விற்றனர், பின்னர் தேநீர்ச்சாலைகளுக்கும் உணவகங்களுக்கும் உடைமையாளராயினர். அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடிய பிராசரி லிப் என்ற உணவகத்தை 1920இல் வாங்கி நடத்திய மார்செலன் கசேயும் அப்பிரதேசத்தவரே. ஊர் மாட்டுக் கொம்பும் நகரத்துத் தக்கை திருகியும் ஒரே பிடிக்குள் மடிந்து கிடப்பது அவ்வாறுதான்.

எனது சகோதரன் 1986இல் பாரிஸ் சென்று, ஓர் உணவகத்தின் சமையற்கட்டிற் கோப்பை கழுவித் தொடங்கியவன். அவ்வுணவகத்தின் உரிமையாளரும் ஓபிராக்காரரின் பேரனாம். இரண்டு கத்திகளுள் லாயோலை ஏன் தெரிந்தாய் என்று பெறாமகனிடம் கேட்டபோது, ‘அப்பா வேலையை விட்டுப் போகேக்கை முதலாளி குடுத்தது சித்தப்பா, அதை நான் எடுத்துப் பாவிக்கிறன், அதைப்போல ஒண்டு உங்களுக்கும் வாங்கினன்’ என்றான்.

ஆனால் லாயோலுக்கு ஓர் அவலமும் நேர்ந்தது. முதல் உலகப் போரின் பின் ஊரிற் பட்டறைகள் படுத்துவிட்டன. உற்பத்தி தியேர் நகருக்குப் போயிற்று. 1987இல்தான் ஊரில் மீண்டும் ஆலை எழுந்தது. அதற்குள் அப்பெயர் எவருடையதும் அல்லாததாகிவிட்டது. 1993இல் பாரிஸ் பக்கத்து வணிகர் ஒருவர் லாயோல் என்ற பெயரைப் பலவகைப் பண்டங்களுக்குத் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டார். வெளிநாடுகளிற் செய்த கத்திகளும் அப்பெயருடன் சந்தைக்கு வந்தன. ஊர்மக்கள் நீதிமன்றம் ஏறினர். 2012இல் தீர்ப்பு பாதகமாகவே, தமது ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாமே கழற்றி எதிர்ப்புத் தெரிவித்தனர். 2019இல் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஓர் ஊர் தன் பெயரைத் தனதென்று நிறுவக் கால் நூற்றாண்டு வழக்காட வேண்டியிருந்தது. இதனை வாசிக்கும் ஈழத்தவருக்கு வேறு சில பெயர்ப்பலகைகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பாளியல்லன்.

அளவு பற்றி இன்னும் சிறிது. ஒப்பினெல்லை அலகால் அளக்கின்றனர். லாயோலைப் பிடியால் அளக்கின்றனர். 12 சென்ரிமீற்றர் லாயோல் என்றால் மடித்த நிலையில் 12. அலகு அதனிலும் குறைவு. ஷெபீல்ட் கத்தியையும் மடித்த நீளத்தாலேயே, அங்குலத்தில் அளந்தார்கள். அம்மப்பாவின் மூன்றேகால் அங்குலக் கத்தி சட்டைப்பையில் அடங்கும். சால்வைத் தலைப்பிலும் முடியலாம். லாயோல் காற்சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும். மேய்ப்பனுக்கு அது பொருட்டல்ல, எழுதுவினைஞருக்குப் பொருட்டு. பிடி எந்த நாட்டிலிருந்து வந்ததென்று பொருள் சொல்லும். நீளம், அதனை எவர் எந்த உடையுடன் கொண்டுதிரிந்தார் என்று சொல்லும்.

நீளத்தை இன்று சட்டமும் அளக்கின்றது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக்கத்தியைப் பொது இடத்திற் காரணமின்றியும் வைத்திருக்கலாம். ஆனால், அலகு பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் அது மடக்குக்கத்தி ஆகாதென 1990களில் நீதிமன்றம் பொருள்கொண்டது. ஆகவே, 7 சென்ரிமீற்றர் அலகுடைய ஆறாம் எண் ஒப்பினெல், நீளத்திற் தேறினாலும் வளையத்தாற் தோற்கும். விரலைக் காக்க வைத்த வளையமே குற்றமாயிற்று. அம்மப்பாவின் கத்தி இலண்டன் தெருவிற் சட்டப்படி நடமாடலாம். அமெரிக்க விமானங்களில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த அலகை 2001 செப்டெம்பர் வரை உடன் கொண்டுசெல்ல விட்டார்கள் என்பதை இன்றைய இளைஞர் நம்புவாரோ தெரியாது.

எமது நாட்டுச் சோதனைச்சாவடிகளில் அங்குலக் கணக்கு இருக்கவில்லை. 1996 ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்த பின்னரான வாரங்கள். அம்மப்பா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். கத்தி எனது பையிற் கிடந்தது. பென்சில் சீவுவேன், கடித உறை கிழிப்பேன். அப்போது நான் நாளிதழ் ஒன்றில் இரவுக் கடமையில் இருந்தேன். வீடு திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தவர் பிறந்த ஊரை வாசித்தார். பையைக் கவிழ்க்கச் சொன்னார். ஊடக அட்டை, இரண்டு பேனா, குறிப்புப் புத்தகம், கத்தி.

அவர் இளைஞர். என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். கத்தியை எடுத்து விரித்தார். அது ‘டக்’ என்றது. மடித்தார். மீண்டும் விரித்தார். பின்னர் விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இரண்டு பக்கமும் ஏன் இரண்டு விதம்?’ என்று சிங்களத்திற் கேட்டார். ஒரு பக்கம் மரைக்கொம்பு, மறுபக்கம் பனை என்றேன். ‘தல்?’ என்று பனைப் பக்கத்தைப் பெருவிரலாற் தடவினார். ஓம், உடைந்தபோது ஊரிற் போட்டது என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற பெரியவர் விரைவுபடுத்தச் சொன்னார். எனது பேனாக்களையும் புத்தகத்தையும் திருப்பித் தந்தார். கத்தியை மேசையிலிருந்த பிஸ்கட் தகரத்துக்குள் போட்டார். அதற்குள் ஏற்கெனவே நகவெட்டிகளும் தையற்கத்தரிக்கோல்களும் சமையற்கத்தி ஒன்றும் கிடந்தன. பற்றுச்சீட்டுக் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. உயிருடன் வீடு போவது பெரிதாயிருந்த காலம். ஓர் இரவு முழுவதும் தடுத்து வைக்கப்பட்ட நண்பர்களை நினைத்தால், எனக்கு நேர்ந்தது ஒன்றுமேயில்லை.

சின்னம்மா அக்கொம்புத் துண்டை என்னிடம் தந்தது, வீதி திறந்திருந்த 2003இல் நான் ஊருக்குப் போயிருந்தபோது. பொத்தான் தேடித் தையற் பெட்டியைக் கவிழ்த்ததில் அகப்பட்டது. கத்தி எங்கே என்று அவர் கேட்டார். தொலைத்துவிட்டேன் என்றேன்.

இவை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் பெறாமகனுக்குச் சொன்னபோது அவன் துண்டை எடுத்து லாயோலின் பிடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். பின்னர் உற்சாகமாக ஒரு யோசனை சொன்னான். தியேரில் தனக்குத் தெரிந்த கத்திக்காரர் ஒருவர் இருக்கிறார்; பழைய ஷெபீல்ட் கத்தி ஒன்றைத் தேடி வாங்கி, வெடிப்பை ஒட்டி, இக்கொம்பை ஒரு பக்கமும் பனை வைரத்தை மறுபக்கமும் பூட்டித் தருவார்; போகும்போது கொண்டுபோகிறேன் என்றான்.

அவனுக்கு நான் சட்டத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. இந்தியா, கப்பல் கப்பலாக அனுப்பிய மான்கொம்பின் ஏற்றுமதியை 1990களின் இறுதியில் நிறுத்திவிட்டது. ஐரோப்பியக் கத்திக்காரர் அன்றிலிருந்து பழைய கையிருப்பையே சீவிக்கொண்டிருக்கின்றனர். எமது நாட்டிலிருந்தும் காட்டு விலங்கின் கொம்பை உரிய அனுமதியின்றி வெளியே கொண்டுசெல்ல முடியாது. சட்டம் நல்ல சட்டம். இன்னும் நூறு ஆண்டு முந்தி வந்திருக்க வேண்டும். ‘இது இங்கிலாந்திலை இருந்து வந்த கத்தியின்ரை பிடியெல்லோ சித்தப்பா?’ என்றான். விமான நிலையச் சுங்கத்தில் நிற்பவருக்கு அதனை எவ்வாறு நிறுவுவது? முத்திரையும் ஊர்ப் பெயரும் அலகிலன்றோ இருந்தன.

பனை வைரத்தைக் கொண்டுபோகத் தடையில்லை என்றேன். சாவகச்சேரியில் ஒரு மரக்காலையிலிருந்து நான்கு துண்டுகள் எடுத்து, காற்சட்டைக்குள் சுற்றிக் கொண்டுபோனான்.